மூட்டையை எண்ணிப் பார்த்தீர்களா?

போன மாதம் டெல்லிக்கு ஒரு விமான டிக்கெட் போட்டேன். நீங்களும் போட்டிருப்பீர்கள். அந்தச் சடங்கு தெரியும். ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு, சாண்ட்விச்சுக்குத் தனிக் காசு, இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்று மூன்று தரம் சத்தியம் செய்ய வேண்டும். எல்லாம் தாண்டிப் பணம் கட்டப் போகிற நேரத்தில் புதிதாக ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் ஒரு பச்சை இலை. 'உங்கள் பயணத்தால் உண்டாகும் கார்பனை நீக்க, இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுக்கிறீர்களா?' என்று கேட்டது.

ஒரு ஃபில்டர் காபிக் காசு. டிக் அடித்தேன். இலை மினுங்கி நன்றி சொன்னது. உண்டியலில் பத்து ரூபாய் போட்டுவிட்டு வெளியே வரும்போது ஒரு நிம்மதி வருமே, அது வந்தது.

ராத்திரி படுத்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. நான் படித்தது பி.காம். விஞ்ஞானம் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் காசு கொடுத்தால் சரக்கு எங்கே என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 'நீக்குகிறோம்' என்கிறார்களே, எங்கே நீக்குகிறார்கள்? எப்போது? யார் எண்ணிப் பார்த்தது?

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

டிகிரி முடித்ததும் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருஷம் குப்பை கொட்டினேன். மார்ச் 31 வந்தால் கம்பெனி கம்பெனியாகப் போய் சரக்கு எண்ணுவது என்னைப் போன்ற பையன்களின் வேலை. டெல்டா பக்கம் ஒரு ரைஸ் மில். கோடவுனில் கூரை வரை மூட்டைகள். அந்தச் சரக்கின் பேரில் பாங்க்கில் கடன் வாங்கியிருந்தார்கள். நீளத்தில் இத்தனை, அகலத்தில் இத்தனை, உயரத்தில் இத்தனை என்று பெருக்கி எழுதிக்கொண்டு ஜம்மென்று வெளியே வந்தேன். கூட வந்த சீனியர், வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்: "பின்வரிசையில ஏறிப் பார்த்தியா தம்பி?"

ஏறினேன். முன்னால் இரண்டு வரிசை நெல். பின்னால் இருந்ததெல்லாம் உமி!

மூட்டை இருந்தது. எண்ணிக்கை சரி. பெருக்கலும் சரி. சரக்குதான் இல்லை.

அந்தப் பச்சை இலையைப் பார்த்ததில் இருந்து எனக்கு அந்த உமி மூட்டை ஞாபகம்தான். அதனால் இந்த வாரம் கொஞ்சம் ஸ்டாக் எடுத்துப் பார்ப்போம், வாருங்கள்.

முதலில் கடன் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு, சிமென்ட் என்று மனிதர்கள் எல்லோருமாகச் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 3,700 கோடி டன் கார்பன் டை ஆக்ஸைடை வானத்தில் விடுகிறோம். 2024-ம் வருஷக் கணக்கு இது. இந்த வாயுவிடம் ஒரு கெட்ட குணம்; வந்தால் சீக்கிரம் போகாது. இன்றைக்கு விட்டதில் ஒரு பகுதி நம் பேரனின் பேரன் காலத்திலும் மேலே இருந்து சூடேற்றிக்கொண்டிருக்கும். ஆகவே விடுவதைக் குறைத்தால் மட்டும் போதாது, விட்டதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுக்கவும் வேண்டும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். பூமியின் சூட்டை 1.5 டிகிரி உயர்வோடு நிறுத்த வேண்டுமானால் இந்த நூற்றாண்டுக்குள் 10,000 கோடி டன்னிலிருந்து ஒரு லட்சம் கோடி டன் வரை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2018-ல் சொன்னது.

எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. எடுத்ததாக எழுதிக்கொள்வதில்தான் சண்டை.

இப்போது எவ்வளவு எடுக்கிறோம்? 2024-ல் வந்த ஒரு சர்வதேச ஆய்வறிக்கைப்படி, வருஷத்துக்குச் சுமார் 220 கோடி டன். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அதில் ஏறக்குறைய எல்லாமே மரமும் காடும் செய்கிற வேலை. மரம் நல்ல சரக்குதான். ஆனால் தீப்பிடித்தால், வெட்டினால், வரவு வைத்தது மொத்தமும் மறுபடி செலவு. இயந்திரம், பாறைப் பொடி என்று பத்திரிகைகள் படம் போட்டுப் பாராட்டுகிற புது வித்தைகள் எல்லாம் சேர்ந்து எடுப்பது 13 லட்சம் டன்.

13 லட்சம் பெரிய எண் மாதிரி இருக்கிறதா? கால்குலேட்டரை எடுங்கள். நாம் நிமிஷத்துக்கு 70,000 டன் விடுகிறோம். அப்படியானால் அந்த வித்தைகள் எல்லாம் வருஷம் முழுக்க உழைத்து எடுப்பது, நாம் 18 நிமிஷத்தில் விடுவதை. நீங்கள் இந்தக் கட்டுரையை நிதானமாகப் படித்து, நடுவில் ஒரு காபியும் குடித்து முடிப்பதற்குள் அவர்களுடைய ஒரு வருஷத்து உழைப்பு காலி!

சரி, அந்த 18 நிமிஷத்தில் சில பேரை நேரில் பார்ப்போம்.

ஐஸ்லாந்து. கிளைம்வொர்க்ஸ் என்ற ஸ்விஸ் கம்பெனி அங்கே பெரிய பெரிய மின்விசிறிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறது. அவை காற்றை இழுத்து ஒரு வடிகட்டி வழியாக அனுப்பும். கார்பன் டை ஆக்ஸைடு அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் வாயு தனியே பிரிந்து வரும். கார்ப்ஃபிக்ஸ் என்ற உள்ளூர் நிறுவனம் அதைத் தண்ணீரில் கரைத்துப் பூமிக்குள் இருக்கும் எரிமலைப் பாறையில் செலுத்துகிறது. சோடாத் தண்ணீர் பாறைக்குள் போய் இரண்டே வருஷத்தில் கல்லாகிவிடுகிறது. 2016-ல் நிரூபித்துக் காட்டினார்கள். வாயுவைக் கல்லாக்குவது நிஜமாகவே அற்புதம்தான். கை தட்டுங்கள், நானும் தட்டுகிறேன்.

தட்டி முடித்ததும் கோடவுனுக்குள் போவோம். 2021-ல் திறந்த முதல் ஆலையின் பெயர் ஓர்கா. திறன் வருஷத்துக்கு 4,000 டன். 2024 மே மாதம் திறந்த இரண்டாவதன் பெயர் மாமத். அந்தக் காலத்து மயிர் யானை ஞாபகமாக. திறன் 36,000 டன். யானை முழு வேகத்தில் வருஷம் பூரா ஓடினாலும் உலகத்தின் அரை நிமிஷத்துப் புகையைத்தான் எடுக்கும். ஓடியதா? 2025 மே மாதம் ஹெய்மில்டின் என்ற ஐஸ்லாந்துப் பத்திரிகை கணக்கைத் தோண்டி எடுத்துப் போட்டது. முதல் பத்து மாதத்தில் மாமத் பிடித்தது 105 டன்! கம்பெனி தன்னுடைய சொந்தப் புகைக்கு ஈடுகட்டும் அளவுக்குக்கூடப் பிடிக்கவில்லை என்று அந்தப் பத்திரிகை எழுதியது. அதே மாதம் கம்பெனி ஆட்குறைப்பையும் அறிவித்தது.

105 டன் என்பது உலகம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் விடுகிற புகை. கண் இமைத்து முடிப்பதற்குள் போய்விடும்.

புது இயந்திரம், ஆரம்பத்தில் மக்கர் பண்ணத்தான் செய்யும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். முதல் ரயில் கூடத்தான் தடுமாறியது. ஆனால் முதல் ரயில் ஓடுவதற்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக யாரும் எழுதிக்கொள்ளவில்லை. இங்கே அதுதான் நடக்கிறது. இன்னும் எடுக்காத கார்பனுக்கு முன்கூட்டியே பணம் வாங்கி ஒப்பந்தம் போடுகிறார்கள். பி.காம். முதல் வருஷத்திலேயே எங்கள் புரொபசர் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்த பாடம்: முன்பணம் வருமானம் அல்ல, கடன். சரக்கு கைமாறும் வரைக்கும் அது பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்பு பக்கத்தில்தான் உட்கார வேண்டும். வாங்கியவர் மட்டும் 'நாங்கள் நீக்கப் போகிறோம்' என்று இன்றைக்கே விளம்பரம் கொடுத்துவிடுகிறார்.

விலைக்கு வருவோம். காற்றில் இந்த வாயு சுமார் 2,400 மூலக்கூறுக்கு ஒன்று. வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. ஒரு டன் பிடிக்கச் சுமார் 2,000 யூனிட் ஆற்றல் ஆகிறது. பெரும்பகுதி வெப்பமாக. நம் ஊரில் ஒரு நடுத்தர வீட்டுக்கு ஐந்தாறு மாதம் ஓடுகிற கரன்ட் இது. உலகத்தின் ஒரு வருஷத்துப் புகையை இப்படியே பிடிக்க வேண்டுமானால், உலகம் அந்த வருஷம் தயாரிக்கும் மின்சாரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். விளக்கு எரிய ஒரு மடங்கு, அதன் புகையைத் துடைக்க இரண்டு மடங்கு!

ஒரு டன்னுக்கு இன்றைக்குச் சில நூறு டாலர், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். 600 என்றே வைத்துக்கொள்வோம். சென்னை - டெல்லி ஒரு வழிப் பயணத்தில் என் பங்குக்குச் சுமார் 150 கிலோ. அப்படியானால் என் புகையை உண்மையாகவே கல்லாக்க ஆகும் செலவு ஏறத்தாழ 8,000 ரூபாய். டிக்கெட்டே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! நான் கொடுத்ததோ காபிக் காசு. மீதியை யார் போட்டார்கள்? யாரும் போடவில்லை. அது உமி.

அடுத்து டெக்சாஸ். ஆக்ஸிடென்டல் என்ற எண்ணெய்க் கம்பெனி அங்கே வருஷத்துக்கு ஐந்து லட்சம் டன் பிடிக்கும் திட்டத்தோடு ஸ்ட்ராடோஸ் என்ற ஆலையைக் கட்டியது. தொழில்நுட்பம் வைத்திருந்த கனடாக் கம்பெனியை 2023-ல் 110 கோடி டாலர் கொடுத்து மொத்தமாக வாங்கியது. எண்ணெய் எடுப்பவருக்குப் புகை துடைப்பதில் திடீரென்று என்ன அக்கறை? ஆக்ஸிடென்டலின் தலைவர் விக்கி ஹாலப் அதே வருஷம் ஒரு மாநாட்டில் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: இந்தத் தொழில்நுட்பம் எங்கள் துறை இன்னும் அறுபது, எழுபது, எண்பது வருஷம் தொடர்ந்து நடக்க அனுமதிச் சீட்டு.

இதைவிடத் தெளிவாக யாராவது சொல்ல முடியுமா? அந்த அம்மாவின் நேர்மைக்கு ஒரு வணக்கம். துடைப்பத்தைக் காட்டி, இன்னும் எண்பது வருஷம் குப்பை போட லைசென்ஸ் கேட்கிறார்கள்.

எண்ணெய்க் கம்பெனியை விடுங்கள், நல்ல பிள்ளைகளைப் பார்ப்போம் என்று மைக்ரோசாஃப்ட் பக்கம் போனேன். 2030-க்குள் விடுவதைவிட அதிகமாக எடுப்போம் என்று 2020-ல் உறுதி சொன்ன கம்பெனி. கார்பன் நீக்கத்தை உலகத்திலேயே அதிகமாக விலைக்கு வாங்குவதும் அவர்கள்தான். ஆனால் 2023-ல் அவர்களுடைய புகை, 2020-ஐ விட 29 சதவிகிதம் கூடியிருந்தது. டேட்டா சென்டர்கள் பெருத்ததில் வந்த வினை. மறைக்கவில்லை, அவர்களே அறிக்கையில் போட்டார்கள். அதனால் திட்ட மனசு வரவில்லை. ஆனால் படிப்பினை என்ன? டயட்டில் இருப்பவர் ஜிம்முக்கு முன்பணம் கட்டிவிட்டு, அந்தத் தைரியத்தில் இன்னொரு ப்ளேட் பிரியாணி சொல்கிற கதை.

'எல்லாம் வெள்ளைக்காரன் கதையாகவே இருக்கிறதே, நம்ம ஊர் இதில் எங்கே?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. இந்தத் துறையின் மிக நேர்மையான ஸ்டாக் டேக்கிங்கில் நம்மவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

2009 ஜனவரி. கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெக்னர் நிறுவனமும் சேர்ந்து போலார்ஸ்டெர்ன் என்ற கப்பலில் தென் கடலுக்குப் புறப்பட்டன. கேப் டவுனிலிருந்து பயணம். திட்டத்தின் பெயர் லோஹாஃபெக்ஸ். லோஹா என்றால் இந்தியில் இரும்பு. யோசனை இதுதான்: அந்தக் கடலில் இரும்புச்சத்து குறைவு. கொஞ்சம் இரும்பைக் கரைத்து விட்டால் பாசி கன்னாபின்னாவென்று வளரும். வளரும்போது கார்பனை உறிஞ்சும். செத்ததும் அதோடு அடி ஆழத்துக்குப் போய்விடும். சல்லிசான விலையில் பூமியைக் குளிர வைக்கலாம்! அரை கப்பல் இரும்பு கொடுத்தால் பனி யுகத்தையே கொண்டு வருகிறேன் என்று ஜான் மார்ட்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1988-ல் பாதி விளையாட்டாகச் சொன்ன யோசனை அது.

கப்பல் கிளம்பியதுமே எதிர்ப்பு. கடலைச் சோதனைச் சாலையாக்காதே என்று சூழல் அமைப்புகள் கொடி பிடித்தன. ஜெர்மன் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிறுத்தச் சொன்னது. கப்பல் கடலில் இருக்க, கரையில் வாதப் பிரதிவாதம். பிறகு அனுமதி கிடைத்தது. நம் ஊர் வாஜிஹ் நக்வியும் ஜெர்மனி சார்பில் விக்டர் ஸ்மெடாசெக்கும் தலைமை. 300 சதுர கிலோமீட்டர் கடலில் ஆறு டன் இரும்பைக் கரைத்தார்கள்.

பாசி வளர்ந்தது. இரண்டே வாரத்தில் இரண்டு மடங்கு. இந்த இடத்தோடு நிறுத்திப் பிரஸ் மீட் வைத்திருந்தால் பெரிய வெற்றி. ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. வாரக்கணக்கில் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். என் சீனியர் சொன்ன மாதிரி பின்வரிசையில் ஏறினார்கள்.

அங்கே என்ன நடந்தது தெரியுமா? கோபிபாட் என்ற குட்டி ஜீவன்கள் படையெடுத்து வந்து பாசியை மேய்ந்துவிட்டன. அந்தக் குட்டிகளைச் சாப்பிட, இறால் ஜாதியைச் சேர்ந்த கொஞ்சம் பெரிய ஜீவன்கள் வந்தன. ஓடு கட்டிக்கொண்டு தப்பிக்கக்கூடிய டயட்டம் வகைப் பாசி அங்கே வளரவில்லை. ஓடு கட்டத் தேவையான சிலிக்கா அந்தத் தண்ணீரில் தீர்ந்து போயிருந்தது. ஆக, இரும்பு போட்டு வளர்த்த பயிரை ஊர் மாடுகள் வந்து மேய்ந்துவிட்டுப் போயின. அடி ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம்.

2009 மார்ச் மாதம் அதை அப்படியே வெளியிட்டார்கள்: எதிர்பார்த்த அளவு கார்பன் போகவில்லை. அவ்வளவுதான். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். தோற்றதால் அல்ல, எண்ணியதால். கார்பன் நீக்கத் துறையில் இன்று புழங்குகிற கோடிகளுக்கு நடுவே, 'நாங்கள் இறங்கிப் பார்த்தோம், மூட்டையில் நெல் இல்லை' என்று உரக்கச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

அதன் பிறகும் கடலை யாரும் விடவில்லை. ரன்னிங் டைட் என்ற அமெரிக்கக் கம்பெனி ஐஸ்லாந்துப் பக்கம் கடலில் மரத் துண்டுகளை மூழ்கடித்து கார்பன் நீக்கம் என்று விற்றது. பெரிய பெரிய கம்பெனிகள் வாங்கின. 2024 ஜூனில் கடையைச் சாத்திவிட்டார்கள். துண்டுகள் கடலுக்கு அடியில். போய் எண்ணிப் பாருங்கள்!

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. எரிமலைப் பாறையைப் பொடியாக்கி வயலில் தூவினால், மழைநீரில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடோடு அது சேர்ந்து மெல்லக் கரையும். கார்பன் உப்பு வடிவில் ஆறு வழியாகக் கடலுக்குப் போய் ஆயிரக்கணக்கான வருஷம் தங்கும். மண்ணுக்கும் சத்து. இதைச் சத்தீஸ்கர் போன்ற இடங்களில் சிறு விவசாயிகளின் நெல் வயல்களில் செய்கிற மாட்டி கார்பன் என்ற அமைப்புக்கு 2025 ஏப்ரலில் எக்ஸ்பிரைஸ் போட்டியின் முதல் பரிசு கிடைத்தது. ஐந்து கோடி டாலர். தக்காணத்தில் பசால்ட் பாறை ஏராளம், பொடிக்குப் பஞ்சமே இல்லை. விவசாயிக்குப் பொடி இலவசம், செலவை கார்பன் கிரெடிட் வாங்குபவர் ஏற்கிறார்.

கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. என் கேள்வி பழைய கேள்விதான். பொடி எவ்வளவு போட்டோம் என்பது லாரிக் கணக்கில் தெரியும். எவ்வளவு கரைந்தது? கரைந்ததில் எவ்வளவு கடல் வரை போனது? ஒவ்வொரு மண்ணுக்கும் ஒவ்வொரு மழைக்கும் பதில் மாறும். இதை அளப்பதற்கென்றே விஞ்ஞானிகள் பாடுபடுகிறார்கள், படட்டும். கிரெடிட் அந்த அளவைக்குப் பின்னால் வரட்டும், முன்னால் ஓட வேண்டாம்.

இதுவரை பார்த்தது அசலைத் திருப்பிக் கட்டுகிற முயற்சி. குறைவோ நிறைவோ, அசலைத் தொடுகிறது. இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் அசலைத் தொடவே மாட்டார்கள். கிரெடிட் கார்டில் 'மினிமம் டியூ' என்று ஒன்று போட்டிருக்குமே, அந்தக் கட்சி.

1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினாடுபோ எரிமலை வெடித்தது. ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல் கந்தக வாயுவை வானத்தின் மேலடுக்குக்குத் தூக்கி அடித்தது. அந்தத் திரை வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பியது. அடுத்த வருஷம் பூமியின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி குறைந்தது. எரிமலை செய்ததை விமானம் செய்தால் என்ன? ஓசோன் ஆராய்ச்சிக்காக நோபல் வாங்கிய பால் க்ரூட்ஸன் 2006-ல் இந்த யோசனையை ஆராய வேண்டும் என்று எழுதினார். அதுவும் மனசில்லாமல், உலகம் புகையைக் குறைக்காத விரக்தியில்.

பெரியவர் விரக்தியில் சொன்னதைச் சின்னவர்கள் வியாபாரமாக்கிவிட்டார்கள். மேக் சன்செட்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2022-ல் மெக்சிகோவில் பலூனில் கந்தக வாயு அடைத்துப் பறக்கவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. ஒரு கிராம் வாயுவை மேலே விட்டால் ஒரு டன் கார்பன் ஒரு வருஷம் உண்டாக்கும் சூட்டுக்கு ஈடு என்று 'குளிர்ச்சி கிரெடிட்' பத்து டாலருக்கு விற்றது! மெக்சிகோ அரசு 2023 ஜனவரியில் இந்தச் சோதனைகளுக்குத் தடை என்று அறிவித்தது. இப்போது பலூன் பையன்கள் மட்டுமல்ல. ஸ்டார்டஸ்ட் என்ற இன்னொரு கம்பெனி வெயிலைத் திருப்பும் துகள்களுக்காக 2025-ல் ஆறு கோடி டாலர் முதலீடு திரட்டியிருக்கிறது. முதலீடு போட்டவர் லாபம் கேட்பார். வெயிலை மறைப்பதில் லாபம் என்றால், பில்லை யாருக்கு அனுப்புவார்கள்?

இதில் கணக்குப்படி மூன்று ஓட்டைகள்.

ஒன்று, அசல் அப்படியே இருக்கிறது. கீழே புகை விட்டுக்கொண்டே மேலே திரை போடுகிறீர்கள். கார்பன் ஏறிக்கொண்டேதான் இருக்கும், கடல் நீர் புளித்துக்கொண்டேதான் போகும்.

இரண்டு, நிறுத்த முடியாது. திரை ஓரிரு வருஷத்தில் கீழே இறங்கிவிடும், திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஐம்பது வருஷம் போட்டுவிட்டு ஏதோ ஒரு சண்டையில், ஏதோ ஒரு தேர்தலில் திடீரென்று நிறுத்தினால், ஐம்பது வருஷத்துச் சூடும் சில வருஷங்களில் வந்து விழும். மினிமம் டியூ கட்டுவதை நிறுத்தியவர்களுக்கு கார்டு கம்பெனிக்காரர்கள் போன் பண்ணுவார்களே, அந்த மாதிரி.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. ஜாமீன் கையெழுத்து யாருடையது?

பினாடுபோவுக்கு அடுத்த வருஷம் வெப்பம் மட்டும் குறையவில்லை. உலகின் நிலப்பரப்பில் மழையும் குறைந்தது, ஆறுகளில் ஓடிய தண்ணீரும் குறைந்தது என்று 2007-ல் ஒரு ஆய்வு காட்டியது. திரையை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து மழை இடம் மாறும். வடபாதியில் மட்டும் போட்டால் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி வறளும், தென்பாதியில் மட்டும் போட்டால் அதே சாஹேல் செழிக்கும் என்று 2013-ல் ஒரு கணினி ஆய்வு சொன்னது. ஆசியாவின் பருவமழை குறையலாம் என்று 2008-லேயே ஒரு ஆய்வு எச்சரித்தது. கணினி ஆய்வுதான், ஜோசியம் இல்லை, தவறாகவும் போகலாம். ஆனால் வீட்டில் ஒரு ஏ.சி. ரிமோட்டுக்கே புருஷன் பெண்டாட்டிக்குள் ராத்திரிச் சண்டை. உலகத்துக்கே ஒரு ரிமோட் என்றால் அது யார் கையில்? தென்மேற்குப் பருவமழை பத்து நாள் தள்ளிப்போனாலே நம் ஊரில் மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் பேப்பரில் தேடுகிறோம். அந்த மழையை ஈடாக வைத்து எங்கேயோ ஒருத்தர் கடன் வாங்குவார். ஜாமீன் போட்டது நாம் என்பதே நமக்குத் தெரியாது.

கேட்டுச் செய்யவே முடியாதா? ஸ்வீடனில் ஹார்வர்டு விஞ்ஞானிகள் 2021-ல் ஒரு பலூன் சோதனைக்குத் தயாரானார்கள். முதலில் கருவிகளைச் சரிபார்க்கும் வெள்ளோட்டம்தான், துகள் தூவக்கூட இல்லை. அங்கே கலைமான் மேய்க்கும் சாமி பழங்குடிகளின் கவுன்சில், எங்களைக் கேட்டீர்களா என்றது. நிறுத்திவிட்டார்கள். 2024-ல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். நைரோபியில் 2024-ல் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் சபையில், இதை ஆராய ஒரு நிபுணர் குழு போடலாம் என்று ஸ்விட்சர்லாந்து தீர்மானம் கொண்டு வந்தது. ஒத்த கருத்து வராமல் திரும்ப எடுத்துக்கொண்டது. குழு போடவே ஒத்துப்போகாத உலகம், ரிமோட்டைப் பகிர்ந்துகொள்ளுமா?

சரி, திட்டி முடித்தாகிவிட்டது. என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் எனக்கே ஏமாற்றம்.

ஆராய்ச்சி நடக்கட்டும். சிமென்ட், உரம், விமானம் என்று புகையை எளிதில் நிறுத்த முடியாத இடங்கள் கடைசி வரை கொஞ்சம் மிஞ்சும். அதற்கு இந்த வித்தைகள் வேண்டும். ஐஸ்லாந்துக் கல்லும் சத்தீஸ்கர் பொடியும் அதற்காகவாவது பிழைத்திருக்க வேண்டும். ஆனால் எந்த ரைஸ் மில்லுக்கும் போடுகிற மூன்று நிபந்தனைகளை இவர்களுக்கும் போடுங்கள். குறைத்தது தனிப் பேரேடு, எடுத்தது தனிப் பேரேடு. ஒன்றை இன்னொன்றில் கழித்து 'நிகர பூஜ்யம்' என்று ஒரே வரியில் எழுதக் கூடாது. எடுத்து, அளந்து, வெளியாள் சரிபார்த்த பிறகுதான் வரவு, அதுவரை கடன். ஜாமீன் யாருடைய மழையோ, அவர்களுடைய கையெழுத்து இல்லாமல் வானத்தில் கை வைக்கக் கூடாது.

இதில் விஞ்ஞானம் எதுவும் இல்லை. பி.காம். முதல் வருஷம்.

எத்தனை சாமர்த்தியமாக எழுதினாலும் கடைசியில் ஒரு ஆடிட்டர் இருக்கிறார். ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்ற மலை மேல், 1958-லிருந்து காற்றில் கார்பன் எவ்வளவு என்று அளந்துகொண்டே இருக்கிறார்கள். யார் டிக் அடித்தார்கள், யார் கிரெடிட் வாங்கினார்கள், யார் எந்த வருஷத்துக்கு என்ன சபதம் செய்தார்கள் என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. மூட்டையை மட்டும் எண்ணும். ஆரம்பித்தபோது பத்து லட்சத்துக்குச் சுமார் 315. 2025 மே மாதச் சராசரி முதன்முறையாக 430-ஐத் தாண்டியது.

டெல்லி போய்விட்டுத் திரும்பி வர மறுபடி டிக்கெட் போட்டேன். அதே இலை, அதே கட்டம், அதே காபிக் காசு. இந்தத் தடவை டிக் அடிக்கவில்லை. அதனால் என் புகை ஒரு கிராம் கூடவில்லை, ஒரு கிராம் குறையவும் இல்லை. நிம்மதி மட்டும்தான் போயிற்று. அது போனதே நல்லது என்று படுகிறது. நிம்மதியாகத் தூங்குகிற கடன்காரனைப் பார்த்தால் எந்த பாங்க்குக்கும் பயம் வரத்தானே செய்யும்?